ஒற்றை வாசல் கல்லறை

அஸ்வானில் நைல் ஆற்றைப் படகில் கடந்து, அக்கரைக் குன்றின் செங்குத்தான படிகளில் ஏறினோம். கெய்ரோவில் வேலை பார்க்கும் மகளும் நானும் மூச்சு வாங்க, என் மனைவி முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். ஏற்றமெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரே வாசல் உள்ள அறைதான் அவளுக்குப் பயம்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் வேலை பார்த்தவள். ஏதாவது ஆனால் கிடைத்த வழியில் ஓட, அங்கே அறைக்கு நாலு பக்கமும் வாசல் வேண்டும். ஒரு தீபாவளி சீசனில் மூன்று வாசல்களைப் பெட்டி அடுக்கி அடைத்துவிட்டார்கள். வெடித்தபோது இவள் வெளியே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வரவில்லை. அதற்குப் பிறகு இவளுக்கு லிஃப்ட் கிடையாது, சினிமா தியேட்டர் கிடையாது, குளியலறைக்குத் தாழ்ப்பாளும் கிடையாது. பிரமிடுக்கே வெளியில் நின்று கும்பிடு போட்டுவிட்டு வந்தவள். அம்மாவை இங்கேயாவது உள்ளே கூட்டிப்போக வேண்டும் என்று மகள் ஒற்றைக் காலில் நின்றாள்.

பாறையைக் குடைந்து ஒரு பிரபுவுக்காகச் செய்த கல்லறை. மனைவி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இதுக்கு எத்தன வாசல்?"

"ஒண்ணுதான்."

"அப்ப நீங்க பாத்துட்டு வாங்க. நான் இங்கனயே இருக்கேன்."

மகளும் நானும் மட்டும் போனோம். உள்ளே மங்கல். சுவர் ஓவியத்தைக் காட்டுவதற்காகக் காவலாளி சிகரெட் லைட்டரைப் பற்றவைத்தார்.

"ஏலே, அத அணை."

வாசலில் நின்ற மனைவி தூண்களுக்கு நடுவே ஓடிவந்து அவர் கையிலிருந்து லைட்டரைப் பிடுங்கி அணைத்தாள். "மருந்து கெடக்க எடத்துல..." என்று ஆரம்பித்தவள், சுற்றிப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். மருந்தும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. வாசல் தூரத்தில் இருந்தது.

மகள் வாசலைக் காட்டி, "வெளிய போயிருவோமாம்மா?" என்றாள்.

சுவரில் அந்தப் பிரபு குடும்பத்தோடு படகில் நின்று மீன் குத்திக்கொண்டிருந்தார். அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வந்தது வந்துட்டேன். முழுசாப் பாத்துட்டே போவோம்."

காவலாளியிடம் லைட்டரைத் திருப்பிக் கொடுத்தாள். பாவம், அந்த மனிதர் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு செல்போன் விளக்கைப் போட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, கண்ணும் கலங்கிவிட்டது.

அடுத்த கல்லறைக்கும் போனாள், அதற்கடுத்ததற்கும் போனாள். கடைசியில் ஒன்று, குனிந்து நுழைய வேண்டிய இருட்டுச் சந்து. எனக்கே கால் தயங்கியது. உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"அங்கன என்னத்துக்கு நிக்கீக? உள்ள வாங்க."