தளிப் பக்கத்து ஜோடி

ஓசூர் மரவாடியில் அறுப்பு வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. குழியின் மேல் மரத்தைக் கிடத்தி, ஒருவன் மரத்தின் மீதும் இன்னொருவன் குழிக்குள்ளும் நின்று நீளவாளை இழுப்போம். இந்த இருவரும் ஒருவருக்கொருவர் ‘ஜோடி’. தமிழ், தெலுங்கு, கன்னடம் எது பேசினாலும் அங்கே அதுதான் சொல். ஜோடி வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. ஜோடி மாறினால் வாள் மக்கர் செய்யும்.

என் ஜோடி தளிப் பக்கத்துக்காரன், என்னைவிடப் பத்து வயது மூத்தவன். நான் தாறுமாறாக இழுத்தாலும் கீழேயிருந்து சிரிப்புதான் வரும். அந்தச் சந்தோஷத்தில் சேலத்துப் பக்கம் இருந்த அம்மாவுக்குக் கடிதம் போட்டேன். ‘இங்கே எனக்கு நல்ல ஜோடி அமைந்துவிட்டது. ஊர் தளி. வீட்டில் கன்னடம். கோபமே கிடையாது. மதியம் ஒரே தூக்குச்சட்டியில்தான் சாப்பிடுகிறோம்.’

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரர் படித்துக் காட்டியிருக்கிறார். எங்கள் ஊரில் ஜோடி என்றால் புருஷன் பெண்டாட்டிதான்.

பத்து நாள் கழித்து மரவாடி வாசலில் அம்மாவும் தாய்மாமனும் வந்து நின்றார்கள். மாமா கையில் வாழைப்பழச் சீப்பு. அம்மாவின் மஞ்சள் பையில் ஒரு புதுச் சேலை. நான் மரத்தின் மேலிருந்து இறங்குவதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

“ஒரு வார்த்தை சொல்லாம முடிச்சிட்டியேடா. சரி, போவுது. அந்தப் புள்ள எங்க?”

“எந்தப் புள்ளம்மா?”

“உன் ஜோடிடா!”

தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று அவன் குழியிலிருந்து ஏறி வந்தான். தலை, மீசை, மார்பு எல்லாம் மரத்தூள். கையைத் துடைத்துக் கும்பிட்டான்.

“நான்தாம்மா ஜோடி. ஊட்டா ஆய்தா? சாப்டீங்களா?”

முதலில் சிரித்தது மாமாதான். நான் விஷயத்தைச் சொன்னதும் ஜோடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். பக்கத்துக் குழிகளிலிருந்தெல்லாம் தலைகள் எட்டிப் பார்த்தன. எனக்கு ஓடி ஒளிந்தால் போதும் என்றிருந்தது. அம்மா மட்டும் அவனை மேலும் கீழும் பார்த்து, “பூ வேற வாங்கிட்டு வந்தனே” என்று முனகினாள்.

மறுநாள் ஞாயிறு. அவன் விடவில்லை, எங்கள் மூவரையும் பஸ்ஸேற்றித் தளிக்குக் கூட்டிப்போனான். அவன் மனைவிக்குத் தமிழ் வராது, அம்மாவுக்குக் கன்னடம் வராது. இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். கிளம்பும்போது சேலையை அம்மா அவளிடம் கொடுத்தாள்.

திரும்பும் வழியில் அம்மா சொன்னாள். “ஆளு தங்கமானவன்தான். ஆனா பொண்ணு பாக்கறது மட்டும் நான்தான்.”

அடுத்த தையில் பார்த்தும்விட்டாள்.