டிஷ்யூ அக்கா பிடித்த ஓட்டை

படகுத்துறையில் என் பொண்டாட்டிக்கு ‘டிஷ்யூ அக்கா’ என்று பேர். பாய்ப்படகு எங்கே ஒழுகினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். நான் படகுகளுக்கு விளக்கு மாட்டுகிறவன். சும்மா இருக்கும் நாளில் அவளுக்குத் தண்ணீர் ஹோஸ் பிடிப்பேன், திட்டும் வாங்குவேன்.

அன்றைக்கு வாய்த்தவர் ஒரு பல் டாக்டர். போன வருஷம் வாங்கிய பழைய படகு. மழை பெய்தால் உள்ளே அவர் படுக்கை நனைகிறது. பாய்மரம் மேல்தளத்தைத் துளைத்து உள்ளே இறங்கும் இடத்தைச் சுற்றி, சொத்தைப் பல்லை அடைப்பதுபோலப் பசையை அப்பி வைத்திருந்தார்.

“டாக்டர், வாயை மூடிட்டு உள்ளே உட்காருங்க,” என்றாள். வாயைத் திறக்கச் சொல்லியே பழகிய மனுஷன் ஆடிப்போய்விட்டார்.

படுக்கையருகே, பாய்மரத்தின் அடியில் டிஷ்யூ தாளைச் சுற்றினாள். வெளியே நான் பாய்மரத்தின் மேல் கீழிருந்து ஜாண் ஜாணாகத் தண்ணீர் அடித்தேன். பசை அப்பிய இடத்தில் அடித்தும் தாள் நனையவில்லை. பாய்மரத்தில் தலை உயரத்தில் மாட்டியிருந்த விளக்கில் அடித்ததும் டாக்டர் அலறினார்: “நனையுது!”

அவள் விளக்கைக் கழற்றினாள். வயருக்காகப் போட்ட ஓட்டை அடைக்கப்படாமல் ஆவென்று கிடந்தது. பாய்மரம் என்று பேர்தான், உள்ளே வெறும் குழாய்; தண்ணீர் அதன் வழியே நேராகப் படுக்கைக்கு இறங்கியிருக்கிறது. வயரில் மஞ்சள் டேப். நான் மட்டும் சுற்றும் மஞ்சள் டேப்.

“எந்த மடையன் பார்த்த வேலைம்மா இது?” என்று கத்தினார் டாக்டர்.

அவள் டேப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“தெரிஞ்ச மடையன்தான் டாக்டர். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கறேன்.”