தலை தொங்கிய ஹெட்லைட்

என் அக்காவின் கணவர், தேயிலைத் தோட்டத்து ஆட்களைப் பலாங்கொடை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்லும் கார்க்காரர். ஜப்பானில் யாரோ ஓட்டி அலுத்த கார். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஹெட்லைட்டும் அந்தப் பக்கம் திரும்பும். மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி தானே ஏறி இறங்கும். அந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது.

அன்று காலை அவர் என் கராஜுக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. தண்ணீர் கொடுத்த பிறகுதான் பேசினார்.

"நேத்து பொழுது சாய, நெறமாசப் பொண்ணு ஒருத்திய ஏத்திக்கிட்டு மலை எறங்குறேன் மாப்ள. ஒரே பனிமூட்டம். வளைவுல லைட்டு ரெண்டும் தலையத் தொங்கப் போட்டுருச்சு. ரோடே தெரியல. பிரேக்க அடிச்சி எறங்கிப் பாத்தா, முன் சக்கரத்துக்கு அந்தாண்ட மண்ணே இல்ல."

"அந்தப் பொண்ணு?"

"ஆஸ்பத்திரியில சேத்துட்டேன். நல்லபடியா புள்ள பொறந்துருச்சு."

அந்த வளைவுக்குக் கீழே எவ்வளவு பெரிய பள்ளம் என்று எனக்குத் தெரியும்.

ஃபியூஸ் சரியாக இருந்தது. லைட்டைத் திருப்பும் மோட்டாரிலும் குறையில்லை. ஸ்கேனரை மாட்டினேன். பின்பக்கத்து உயர சென்சாரில் கோளாறு என்று காட்டியது. வண்டி எவ்வளவு தாழ்ந்து உயர்ந்திருக்கிறது என்று லைட்டுக்குச் சொல்வது அதுதான். காரை ஜாக்கியில் தூக்கினோம். என்னோடு வேலை செய்யும், பாஸ் என்று நாங்கள் கூப்பிடும் சிங்கள மெக்கானிக் முதலில் அடியில் நுழைந்தார்.

"அம்மோ, தெஹி கெடியக்!" என்று கத்தினார்.

எலுமிச்சம்பழமா? நானும் படுத்துப் பார்த்தேன். திருஷ்டிக்குக் கட்டும் பழமும் மிளகாயும்தான். ஊரெல்லாம் முன் பம்பரில் தொங்கவிடுவதை இங்கே சென்சார் வயரோடு சேர்த்து இறுகக் கட்டியிருந்தார்கள். அழுகிய சாறு கனெக்டருக்குள் இறங்கி, உள்ளே பின்களெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தன. லைட்டைப் போடச் சொல்லி வயரை லேசாக அசைத்தேன். ஹெட்லைட் இரண்டும் சட்டென்று தரையைப் பார்த்தன.

"யாரு மச்சான் இங்க கட்டுனது?"

"ஒங்க அக்காதான். முன்னால தொங்குனா ஆளுங்க சிரிக்கிறாங்கன்னு நான் கத்துனேன். அப்ப யாரு கண்ணுலயும் படாம கட்டுறேன்னா."

அவர் வண்டி திரும்பும்வரை சோற்றில் கை வைக்காதவள் என் அக்கா. அவள் கையாலேயா இது? நம்ப முடியாமல் கனெக்டரை வெட்டிப் புதிதாக ஒன்றைப் போட்டேன்.

வேலை முடியும் நேரத்தில் அக்காவே பஸ்ஸில் வந்து இறங்கினாள். தரையில் கிடந்த அழுகல் பழத்தைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தாள்.

"இத ஏன்டா அவுத்த? நேத்து ஒங்க மச்சான காப்பாத்தினதே இதுதான்டா!"

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து, சொல்ல வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார். அக்கா முந்தானையிலிருந்து புதுப் பழத்தை எடுத்து, பின் சக்கரத்தை நோக்கி நடந்தாள்.

"அங்க வேணாம்மா," என்றார் மச்சான். "முன்னாலயே கட்டு. சிரிக்கிறவன் சிரிச்சிட்டுப் போறான்."

அவள் குனிந்து கட்டி முடிக்கும்வரை நாங்கள் இருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.