நான் வாசிக்காமல் விட்ட வரி

2020-ஆம் ஆண்டு, கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்து தொழிற்சாலைகள் மீண்டும் திறந்த நேரம். மலேசியாவின் ஷா ஆலமில் கார்களுக்கான பிளாஸ்டிக் உதிரிப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் கிராணியாக, அதாவது ஆபிஸ் எழுத்தராக இருந்தேன். மனிதவளப் பிரிவு என்று பெயர் பெரிதாக இருக்குமே தவிர, லீவு பாரம், மருத்துவச் சீட்டு, ஓவர்டைம் பட்டியல் இவைதான் என் வேலை. அந்த ஆபிஸில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான் என்பதால், பேக்கிங் பகுதியில் இருந்த நம் பெண்களுக்கு எல்லாவற்றுக்கும் நான்தான்.

அவர்கள் இருபது பேருக்கு மேல் இருப்பார்கள். பெரும்பாலும் கிள்ளான் பக்கம், கம்பெனி பஸ்ஸில் வந்து போவார்கள். மலாய் சரளமாகப் பேசுவார்கள். ஆனால் அதே மலாய் ஆபிஸ் கடிதமாக வந்துவிட்டால், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்று சாக்குச் சொல்லி என்னிடம் நீட்டுவார்கள். நான் மேலோட்டமாகப் பார்த்து, இரண்டு வார்த்தையில் விஷயத்தைச் சொல்லி, கையெழுத்து வர வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுப்பேன். அந்தக் குறி இருந்தால் போதும், மறு பேச்சில்லாமல் சைன் வைப்பார்கள். உள்ளூர எனக்கு அதில் பெருமைதான், மறைப்பானேன்.

அவர்களில் ஒரு அக்கா அங்கே பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். கணவர் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்து வீட்டோடு இருந்தார். அக்காவின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. வாரத்தில் இரண்டு நாளாவது அவித்த மரவள்ளிக்கிழங்கோ, ஒரு பொட்டலம் மீ கோரேங் நூடுல்ஸோ என் மேசையில் இருக்கும். டயட்டில் இருக்கிறேன் என்று சொன்னால், "அதெல்லாம் நாளைக்கு இரு" என்பார்.

ஒரு நாள் காலை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு கட்டுக் கடிதங்களைக் கொடுத்தார். ஆர்டர் இல்லையாம், பேக்கிங் பகுதியைக் குறைக்கிறார்களாம், ஒரு மாதச் சம்பளம் சேர்த்துத் தருவார்களாம். மதியச் சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

கடிதத்தைப் படித்தேன். இரண்டாவது பத்தியில், 'யாருடைய வற்புறுத்தலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன்' என்று மலாயில் இருந்தது. அது கண்ணில் படவில்லை என்று நான் சொல்லவே முடியாது. நாம்தானே நிறுத்துகிறோம், பிறகு ஏன் இப்படி என்று மேனேஜரிடம் கேட்கவும் செய்தேன். அவர் கணினியிலிருந்து தலையைத் தூக்காமல், இது வெறும் வழக்கமான வாசகம்தான் என்றார். அரசாங்கத்தின் சம்பள உதவித்தொகை வாங்கும் கம்பெனி ஆட்களை நிறுத்தக் கூடாது, நிறுத்தியதாக எழுதினால் அந்த உதவி போய்விடும், அப்புறம் உன் வேலையும் சேர்ந்துதான் போகும் என்றார். நான் கடிதக் கட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

தொழிற்சாலைக் காந்தினில், சாப்பாட்டு மேசைகளில் ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில், முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். சிலர் அழுதார்கள். அந்த அக்கா அழவில்லை. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என்னம்மா போட்டிருக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லக்கா, வேலை முடியுதுன்னு போட்டிருக்கு. ஒரு மாச சம்பளம் கூடத் தராங்க."

அந்த வரியை நான் சொல்லவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட தாள்களில் பென்சில் குறி போட்டுக் கொடுத்தேன். மணி ஒன்றே முக்காலுக்குள் எல்லாம் மேனேஜர் மேசைக்குப் போய்விட்டது. நல்ல வேலை செய்தாய் என்று அவர் சொன்னபோது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

மூன்று வாரம் கழித்து அக்கா போன் செய்தார். வேலை இழந்தவர்களுக்கு அரசாங்கக் காப்புறுதித் திட்டத்தில் சில மாதங்களுக்கு உதவித்தொகை உண்டு. மாதாமாதம் எங்கள் எல்லோர் சம்பளத்திலும் அதற்குப் பிடித்தம் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணை வைத்து அக்கா விண்ணப்பித்திருக்கிறார். தானாக விலகியவர்களுக்குக் கிடையாது என்று தள்ளிவிட்டார்களாம். பத்தொன்பது வருடத்துக்குச் சட்டப்படி வர வேண்டிய நட்டஈடும் அந்த ஒரு வரியால் இல்லை என்றாகிவிட்டது.

"நான் எப்போம்மா விலகுனேன்? அவங்கதானே போகச் சொன்னாங்க?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

மேல்முறையீடு செய்யலாம், ஆனால் நடந்ததைப் பார்த்த யாராவது எழுதித் தர வேண்டும், அதற்குக் கெடுவும் இருக்கிறது என்று கவுண்டரில் சொல்லியிருக்கிறார்கள். "நீ ஒரு சூராட், ஒரு கடுதாசி எழுதிக் குடும்மா. நீதானே வந்து சொன்ன" என்றார் அக்கா.

"பார்க்கிறேன்க்கா" என்றேன்.

தமிழில் 'பார்க்கிறேன்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். எனக்குக் கார் கடன் இருந்தது, தம்பி கல்லூரியில் இருந்தான், அப்பாவுக்கு வேலை இல்லை. காரணம் இல்லாத கோழை எங்கே இருக்கிறாள்? அக்கா இன்னும் இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டு முறையும் அதையே சொன்னேன். அதற்கடுத்த முறை, மேசை மேல் போன் அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அவர் கூப்பிடவில்லை.

அடுத்த சுற்று ஆட்குறைப்பில் என் முறை வந்தது. அதே அறை, அதே கடிதம், மேலே என் பெயர். என் கண் நேராக இரண்டாவது பத்திக்குத்தான் போனது. இதில் சைன் வைக்க மாட்டேன், நீங்கள் நிறுத்துகிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். மேனேஜர் நயமாகப் பேசினார், பிறகு சத்தம் போட்டார். தொழிலாளர் இலாகாவுக்குப் போகிறேன் என்று சொன்னேன். ஒருத்திக்காக வம்பு எதற்கு என்று நினைத்திருப்பார்கள். இரண்டே நாளில் ஆட்குறைப்பு என்று தெளிவாக எழுதிய கடிதம் வந்தது. விண்ணப்பித்தேன், கிடைத்தது. முதல் மாத உதவித்தொகை வங்கியில் விழுந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் நடந்தது அத்தனையும் இரண்டு பக்கம் எழுதி, அடையாள அட்டை எண் போட்டு, கையெழுத்திட்டு, கிள்ளானில் அக்கா இருந்த அடுக்குமாடிக்குப் போனேன். அக்கா வேலைக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னார். போன மாதம் அக்கா வேலையில் இருந்தபோது கணவர் குளியலறையில் விழுந்து, அக்கா திரும்பி வரும் வரை ஈரத் தரையிலேயே கிடந்தாராம். இடுப்பு எலும்பு முறிந்து இப்போது படுத்த படுக்கை. அந்த உதவித்தொகை வந்திருந்தால் அக்கா சில மாதமாவது வீட்டில் இருந்து, நிதானமாக வேலை தேடியிருப்பார். இதை அந்தப் பெண் சொல்லவில்லை, எனக்கே தெரிந்தது.

லிட்டில் இந்தியா பக்கம் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் பின்புறத்தில் அண்டா கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை. கடிதத்தை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, "கெடு முடிஞ்சிருச்சும்மா. போன வாரம்தான்" என்றார்.

அப்படியும் மறுநாள் இருவரும் அந்தக் காப்புறுதி ஆபிஸுக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் இரண்டு பக்கத்தையும் வரி விடாமல் படித்தார். என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். இதை முன்பே கொடுத்திருக்கலாமே என்று மட்டும் மலாயில் கேட்டார். கெடு தாண்டிவிட்டதால் எடுத்துக்கொள்ள முடியாது என்று தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு நட்டஈட்டுக்காகத் தொழிலாளர் இலாகாவிலும் புகார் கொடுத்தோம். விசாரணைக்கு நாள் குறிப்பதற்குள் கம்பெனியே மூடப்பட்டுவிட்டது.

அன்று காப்புறுதி ஆபிஸ் கவுண்டரிலிருந்து வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். அன்று நான் சொல்லாமல் விட்ட வரியையும், எனக்கு வந்த ஆட்குறைப்புக் கடிதத்தைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அக்கா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு அந்தக் காசு வருதாம்மா?"

"வருதுக்கா."

"நல்லது லா. நீயாவது படிச்சுப் பார்த்தியே."

குத்திக் காட்டிச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மனதாரத்தான் சொன்னார். பஸ் வந்ததும், தாமதமானால் கடையில் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்று அவசரமாக ஏறிப் போய்விட்டார்.

இப்போது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய ஆபிஸில் வேலை செய்கிறேன். யார் எந்தக் கடிதத்தோடு வந்தாலும், அவர்கள் போதும் போதும் என்றாலும், கடைசி வரி வரைக்கும் தமிழில் சொல்லிவிட்டுத்தான் விடுவேன். பொறுமைசாலி என்று புகழ்கிறார்கள். ஏட்டில் இருந்த சட்டம் அக்காவுக்கும் எனக்கும் ஒன்றுதான். எனக்கு என்று வந்தபோது வாயைத் திறந்தேன், அவருக்கு என்றபோது திறக்கவில்லை என்பதை, இன்னும் எத்தனை பேருக்கு வாசித்துக் காட்டினாலும் என்னால் மாற்றிவிட முடியாது.