கணக்கை மறைத்து நின்றவர்

"புதன்கிழமை: ஐந்தாம் வகுப்பு வலைப்பூவில் வகுத்தல் வீடியோ ஏறியது" என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. எடுத்தவர் என்னோடு வேலை பார்க்கும் கணக்கு ஆசிரியர். மேளச் சத்தம், அதிகாரிகளுக்கு நன்றி, பொன்னாடை போர்த்திய அவர் படம். எல்லாம் முடிந்து கணக்கு வந்தபோது, கரும்பலகையை மறைத்து நின்று கேமராவைப் பார்த்துச் சிரித்தார். கீழே வரிசையாக "அருமை சார்". எழுதியவர்கள் எல்லோரும் ஆசிரியர்கள், நானும்தான்.

கால் முறிந்து வத்தல்மலையில் வீட்டில் படுத்திருந்த ஐந்தாம் வகுப்பு நந்தினிக்கு அந்த வீடியோவை விட்டால் வேறு வகுப்பில்லை. வெள்ளிக்கிழமை தேர்வு. வியாழனன்று அவள் அம்மா சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறிப் போன் செய்தார். பாராட்டு வரும் என்று ஆசிரியர் எங்கள் முன்னால் ஸ்பீக்கரில் போட்டார்.

"வீடியோவ மேட்டுல எறக்கிட்டு வந்து பாத்தமுங்க சார். சட்டை நல்லாருக்குதுங்க. கொஞ்சம் தள்ளி நின்னீங்கன்னா பாப்பா கணக்கையும் பாத்துக்குவா."

"அங்க நெட் ஸ்லோம்மா."

"இல்லைங்க, நீங்க தெளிவாத்தான் தெரியறீங்க."

குழந்தைக்கான பாடத்தைக் குழந்தையாக உட்கார்ந்து பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. என் "அருமை"யைச் சத்தமில்லாமல் அழித்தேன். என் வீரம் அவ்வளவுதான். அன்று மாலை அவர் தள்ளி நின்று வேறு வீடியோ ஏற்றினார், மேளத்தை மட்டும் விடாமல். தேர்வுக்கு முன் அதை ஒருவர் பார்த்ததாக வலைப்பூ காட்டுகிறது. அது நந்தினியா, ஆசிரியரேதானா என்பதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை.