புதுச்சத்திரத்துக்கு வராத குதிரை

காலை ஒன்பது பத்துக்குத்தான் எல்லாம் தவறத் தொடங்கியது. அதுவரை டிரம்மில் இருக்கும் தண்ணீர் போதுமா என்பது ஒன்றே என் கவலை.

கடலூர் முதுநகருக்குத் தெற்கே ஒரு மைதானத்திலிருந்து சிதம்பரம் வரை நாற்பது கிலோமீட்டர் குதிரையோட்டம். ஆறு மணிக்குப் பதினோரு குதிரைகள் புறப்பட்டன. முதலில் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர் என்று மூன்று இடங்களில் நிறுத்திக் கால்நடை மருத்துவர் குதிரையின் நாடித் துடிப்பைப் பார்ப்பார். இருபது நிமிடத்துக்குள் அது அறுபத்துநான்குக்கு இறங்காவிட்டால் குதிரை விலக வேண்டியதுதான். தண்ணீர் காட்டி, கழுத்தில் ஈரத்துணி போட்டுச் சூட்டைத் தணிப்பது துணைக்கு வருபவர்களின் வேலை. கருப்பட்டி என்ற குதிரைக்கும் அதை ஓட்டிய என் மகள் கயலுக்கும் துணை நான். கயலுக்கு இருபது வயது. பள்ளி ஆசிரியையான நான் குதிரையைத் தொட்டதே இந்த ஆண்டுதான்.

ஆலப்பாக்கத்தில் எல்லாம் நன்றாகவே நடந்தது. மதியச் சாப்பாடு சிதம்பரம் மேலவீதியில் என்று பேசிக்கொண்டு கயல் கிளம்பினாள். வாடகை டாட்டா ஏஸில் தண்ணீர் டிரம்முடன் நானும் ஓட்டுநர் சேகரும் புதுச்சத்திரம் போய், பன்னிரண்டு ரூபாய் டீயைக் குடித்துவிட்டுக் காத்திருந்தோம். இரண்டு குதிரைகள் வந்தன. மூன்றாவதாகக் கயல் வர வேண்டும். ஒன்பது பத்துக்கு வந்ததோ அவளுக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டிருந்த பையன்.

“கயல் இன்னும் வரலியா ஆன்ட்டி? எனக்கு முன்னாடிதான போனா! தோப்புல ரிப்பன் ஒண்ணுகூட இல்ல. நான் மெயின் ரோட்டப் புடிச்சு வந்துட்டேன்.”

“போன் போடுங்கக்கா” என்றார் சேகர்.

போட்டேன். என் கைப்பைக்குள்ளேயே மணி அடித்தது. விழுந்து உடையும் என்று காலையில் நான்தான் அவள் போனை வாங்கி வைத்திருந்தேன். இப்போதும் பைக்குள் போன் ஒலித்தால் எடுக்கக் கை வருவதில்லை.

“நீங்க போயிட்டா, குதிர வந்ததும் யாரு மேடம் பாக்கறது?” என்று மருத்துவர் தடுத்தார். வாளியை அவர் காலடியில் வைத்துவிட்டு வண்டியில் ஏறினேன்.

முந்திரித் தோப்பு மூன்று கிலோமீட்டர் பின்னால். வழி தெரிவதற்காக ஐம்பதடிக்கு ஒன்றாக நானும் சேகரும் முந்தின நாள் மாலை கட்டிய ஆரஞ்சு ரிப்பன்களில் ஒன்றுகூட மரத்தில் இல்லை. தோப்பு முனையில் என் வயதுள்ள ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். மடியில் அத்தனை ரிப்பனும் சுருட்டிக் கிடந்தது. அஞ்சலை என்ற பெயர் பிறகுதான் தெரிந்தது.

“இத நீங்களா அவுத்தீங்க?”

“ஆமா, நாந்தான். மொத ரெண்டு குதிர போனதும் அவுத்தேன். இன்னா இப்போ? நேத்து இன்னா கட்டறீங்கனு கேட்டதுக்கு, அளவு பாத்துக் கட்டறோம்னு நீதான சொன்ன? ஒன்ற ஏக்கரு முந்திரி. இதயும் ரோட்டுக்கு எடுத்துட்டா நான் எங்க போவேன்?”

சொன்னது உண்மைதான். குதிரை, போட்டி என்று விளக்கிக்கொண்டிருந்தால் இருட்டிவிடும் என்று, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்ன பதில்.

“இந்தப் பக்கம் ஒரு பொண்ணு குதிரையில வந்தாளா?”

அஞ்சலையின் முகம் மாறியது. “அது ஒம் பொண்ணா? தொப்பியும் பூட்சும் போட்டுக்குனு வந்து வழி கேட்டுச்சு. நெலம் எடுக்க போலீசு குதிரையில வந்துட்டாங்கனு நெனச்சேன். கழிப் பக்கம் கைய காட்டி வுட்டுட்டேன்.”

“உப்பங்கழிக்கா? அங்க மாடே எறங்காதே!” என்று சேகர் கத்தினார்.

யாரும் கூப்பிடாமலே அஞ்சலை வண்டியில் ஏறிக்கொண்டார். கிழக்கே இரண்டு கிலோமீட்டர். சவுக்குத் தோப்பு முடிந்த இடத்தில் குளம்படிகள் கரையிலிருந்து சேற்றுக்குள் இறங்கிப் போயிருந்தன. ஒவ்வொரு பள்ளத்திலும் தண்ணீர் நிறைந்திருந்தது. இருபது அடிக்கு அப்பால் தடம் தெரியவில்லை. கயல் என்று கூப்பிட்டபடி கரையோரமாக நடந்தேன். அஞ்சலை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் வரை இறங்கிவிட்டார். “பாப்பா! ஏ குதிரக்காரப் பாப்பா!”

பதில் குரல் இல்லை. இரண்டாம் முறை, மூன்றாம் முறை. மணி பத்து ஐந்து.

வடக்கே சவுக்குகளுக்கு நடுவில் ஏதோ அசைந்தது. முதலில் தெரிந்தவை கருப்பட்டியின் காதுகள். வயிறு வரை சேறு. கடிவாளத்தைப் பிடித்து முன்னால் நடந்து வந்தாள் கயல். ஒரு காலில் பூட்ஸ் இல்லை. நான் ஓடிப் போய்த் தொடுவதற்குள் அவள் அஞ்சலையைப் பார்த்துவிட்டாள்.

“இவுங்கதாம்மா! வழி கேட்டேன், வேணும்னே தப்பா காட்டி வுட்டுட்டாங்க.”

அஞ்சலை சேற்றிலிருந்து ஏறி வந்து, தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தார்.

“ஆமா பாப்பா, நாந்தான் காட்டுனேன். நேத்து நானும் உங்கம்மாகிட்ட கேட்டேன். அவுங்களும் சரியா சொல்லல.”