பத்துப் பக்கமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

1986-ம் வருடக் கடைசியில் நடந்தது இது. அப்போது நான் மேற்கு ஜெர்மனியில், பீலெஃபெல்ட் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. திருச்சியில் ஆங்கிலம் எம்.ஏ. முடித்துவிட்டு ஸ்காலர்ஷிப்பில் போனவள். செலவு கையைக் கடித்ததால், ஆங்கிலத் துறையில் முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதச் சொல்லித்தரும் வகுப்பு ஒன்றையும் ஒப்புக்கொண்டிருந்தேன். செமஸ்டர் முடிவில் ஒவ்வொருவரும் பத்துப் பக்கத்துக்கு ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை தர வேண்டும். ஆங்கிலத்தில், அடிக்குறிப்புகளோடு.

அந்தக் காலத்து ஜெர்மன் மாணவர்கள் வகுப்பில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவார்கள். நிஜமாகத்தான். பெண்கள் மட்டுமில்லை, தாடி வைத்த பையன்களும். நான் பலகையில் எழுதிக்கொண்டிருப்பேன், முதுகுக்குப் பின்னால் ஊசிகள் டக் டக்கென்று ஓடும். எங்கள் காலேஜாக இருந்தால் டி.சி. கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். முதல் இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், அப்புறம் பழகிவிட்டது.

தலைப்பு கேட்டால் ஒருவன் உலக சமாதானம் என்றான். ஒருத்தி காடுகள் அழிவது என்றாள். அணு ஆயுதம் என்று நாலு பேர். பத்துப் பக்கத்தில் உலகத்தைத் திருத்திவிடுவதாக எண்ணம்! நான் எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டே வந்தேன். சின்னதாக்கு, இன்னும் சின்னதாக்கு. எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள் என்பேன். இதை யார் சொன்னது? சொன்னவருக்கு அது எப்படித் தெரியும்? ‘எல்லோருக்கும் தெரிந்ததே’ என்று யாராவது எழுதிவிட்டால் தொலைந்தார்கள், சிவப்பு மையில் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எனக்கு அவர்கள் என்ன பட்டப்பெயர் வைத்திருந்தார்களோ, இன்றுவரை தெரியாது.

கடைசி வரிசையில் ஒரு பெண். பத்தொன்பது வயது இருக்கும். வாயே திறக்காமல் பச்சை நிறத்தில் எதையோ பின்னிக்கொண்டிருப்பாள். அவள் கொண்டுவந்த தலைப்பு ‘அகதிகள்’. பெரிசு என்றேன். அடுத்த வாரம் ‘இலங்கையைப் பற்றி பிரிட்டிஷ் பத்திரிகைகள்’ என்று வந்தாள். அதுவும் பெரிசு என்றேன். மூன்றாவது வாரம் ஒரே வரியில் எழுதியிருந்தாள்: ஒரு மனிதர், ஒரு நாள், அந்த நாளைப் பற்றிப் பத்திரிகை சொன்னது. எழுது என்றேன். இதைவிடச் சின்னதாக்க முடியாது.

அந்த மனிதர் யாழ்ப்பாணத்துக்காரர். நாற்பதைத் தாண்டியவர். ஊர் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். இந்தப் பெண்ணின் தேவாலயத்தைச் சேர்ந்தவர்கள் அகதிகள் விடுதிக்குக் குளிர்கால உடுப்புகள் கொண்டுபோகும்போது பழக்கமாகியிருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ராணுவம் வந்து கடைத்தெருவையே கொளுத்தியது, தன்னையும் அடித்து இழுத்துப்போனது என்று அவர் தஞ்சம் கேட்டிருந்தார். அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். ‘நீங்கள் சொல்லும் ஆகஸ்ட் மாதக் கடைசி ஞாயிறன்று அந்த ஊரில் அப்படி எதுவும் நடந்ததாகத் தகவல் இல்லை, ஆகவே உங்கள் பேச்சை நம்புவதற்கில்லை’ என்று கடிதம். மேல்முறையீடு செய்திருந்தார். அதிலும் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மனைவியும் மூன்று பிள்ளைகளும் இன்னும் ஊரில்.

மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டாள். போனேன். ஒரு அறையில் நாலு கட்டில், ஜன்னலோரத்தில் ஒரு மேஜை. “வாங்கோ தங்கச்சி, இருங்கோ. முதல்லை தேத்தண்ணி குடியுங்கோ” என்று ஒரு டம்ளருக்கு மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுத்தார். அவருடைய தமிழைப் பிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நடந்ததையெல்லாம் ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னார். தேதிதான் கடிதத்திலேயே இருக்கிறதே என்று நாங்கள் அதை மட்டும் கேட்கவில்லை.

அதன் பிறகு அந்தப் பெண் நூலகத்தில் மைக்ரோஃபிலிம் இயந்திரத்தின் முன்னால் தவம் கிடந்தாள். அந்த வருட ஆகஸ்ட் மாதத்து லண்டன் பத்திரிகைகள் அத்தனையையும் சுருள் சுருளாக ஓட்டிப் பார்த்தாள். கண்ணெல்லாம் சிவந்துபோய் என் அறைக்கு வந்து நின்றாள். ஒன்றும் இல்லை.

அவருடைய மேல்முறையீடு அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனாலும் ஆசிரியை ஆயிற்றே. கிடைத்ததைத்தான் எழுத வேண்டும், ஆதாரம் இல்லையென்றால் இல்லையென்று எழுது என்றேன். அவள் தலையாட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதலாம். ஆனால் படிக்கிறவர்கள் அவர் பொய் சொன்னார் என்றுதானே எடுத்துக்கொள்வார்கள்? அதற்கும் என்னிடம் ஆதாரம் இல்லையே. உங்கள் இரண்டாவது கேள்வியை நான் அவரிடம் இன்னும் கேட்கவில்லை. அது ஆகஸ்ட் என்று அவருக்கு எப்படித் தெரியும்?”

இதென்ன கேள்வி என்றுதான் எனக்குத் தோன்றியது. வாழ்க்கையே எரிந்துபோன நாளை ஒருத்தர் மறப்பாரா? இருந்தாலும் போனோம். தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

“நான் எப்ப ஆகஸ்ட் எண்டு சொன்னனான்? ஆவணி எண்டெல்லோ சொன்னனான். கடைசி ஆவணி ஞாயிறு. மனிசி விரதம். முத்தத்திலை பொங்கிச் சூரியனுக்குப் படைச்சுப்போட்டு, ஒரு சாமான் எடுக்கக் கடைக்குப் போனனான். அந்த நாளை நான் மறப்பனோ தங்கச்சி?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆவணி பிறப்பதே ஆகஸ்ட் பாதியில். முடிவது செப்டம்பர் பாதியில். இவர் பஞ்சாங்கக் கணக்கில் சொன்னதை விசாரணையில் மொழிபெயர்த்தவர் ஆகஸ்ட் கடைசி ஞாயிறு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளிப்போய்விட்டது அந்த ஞாயிறு. நடக்காத நாளில் போய்த் தேடினால் என்ன கிடைக்கும்?

ஜெர்மனில் உளறிக்கொட்டி அவளுக்கு விளக்கினேன். குதிக்கப்போகிறாள் என்று பார்த்தால், பென்சிலை எடுத்துக்கொண்டு கேட்கிறாள், அந்த மாதம் செப்டம்பர் பாதியில் முடிகிறது என்று யார் சொன்னது?

“நான் சொல்கிறேன். நான் தமிழச்சி!”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவள் முகத்தில் துளிக்கூடக் கிண்டல் இல்லை. ‘எல்லோருக்கும் தெரிந்ததே’ என்று சொல்ல வாய் வரை வந்ததை அப்படியே விழுங்கினேன். திருச்சியில் இருந்த அப்பாவுக்கு எழுதி, அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தை ஏர்மெயிலில் வரவழைத்தேன். எதற்கடி உனக்குப் பழைய பஞ்சாங்கம், அங்கே கல்யாணம் ஏதும் பண்ணிக்கொண்டாயா என்று கூடவே ஒரு கடிதம்.

பஞ்சாங்கம் வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. மறுநாளே செப்டம்பர் சுருளைப் போட்டாள். நானும் பக்கத்தில் நின்றேன். கைப்பிடியைச் சுற்றச் சுற்றப் பக்கங்கள் ஓடின. ஓரிடத்தில் நிறுத்தினாள். உள்பக்கத்தில், ஒரு மூலையில், ஏழெட்டு வரி. ஊர்ப் பெயரைக் கடித்துக் குதறியிருந்தார்கள், ஆனாலும் அந்த ஊர்தான். ஞாயிறன்று கடைகள் எரிக்கப்பட்டன, ஆண்கள் பிடித்துச் செல்லப்பட்டனர். அவள் அதை வாய்விட்டு, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். படித்து முடித்ததும் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும்தான்.

அவருக்காக வாதாடிய வக்கீல் பத்திரிகைப் பிரதியையும் பஞ்சாங்கத்துப் பக்கத்தையும், கூடவே அந்தப் பெண்ணின் பத்துப் பக்கக் கட்டுரையையும் நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டார். விசாரணையன்று நாங்கள் இருவரும் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். நீதிபதி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, முதலாண்டு மாணவி ஆவணி மாதத்தைப் பற்றி எழுதிய அடிக்குறிப்பை நிதானமாகச் சத்தம் போட்டுப் படித்தார். பிறகு யாழ்ப்பாணத்துக்காரரைப் பார்த்து, எதற்காக அந்த மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பொங்குகிறீர்கள் என்று கேட்டார். அவர் சொன்னார். சூரியனைப் பற்றி, விரதத்தைப் பற்றி, முற்றத்தில் அடுப்பு வைப்பதைப் பற்றி. அத்தனை காலத்தில் ஓர் அதிகாரி அவர் சொன்னதைக் குறுக்கே வெட்டாமல் கேட்டது அன்றைக்குத்தான்.

தீர்ப்பு வசந்த காலத்தில் வந்தது. அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. செய்தி தெரிந்ததும் நாங்கள் விடுதிக்கு ஓடினோம். மனிதர் அந்தக் கடிதத்தைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, எங்களை உட்காரவைத்து, முதல் கேள்வியாக என்னிடம் கேட்டது இதுதான்.

“பிள்ளையின்ரை கட்டுரைக்கு எத்தினை மார்க்ஸ் போட்டனீங்கள்?”

“ஒன்று” என்றேன்.

“ஒண்டோ! என்ன தங்கச்சி, அநியாயமெல்லோ! அந்தப் பிள்ளை பட்ட பாட்டுக்கு ஒண்டோ குடுக்கிறது?”

இந்த ஊரில் ஒன்றுதான் ஆக உயர்ந்த மதிப்பெண் என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. புரிந்ததும் எழுந்து நின்று, கைகூப்பி, அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணைக் கும்பிட்டார். அவள் என்ன செய்வதென்று தெரியாமல் தானும் கைகூப்பினாள்.

அந்த வருடக் கோடையில் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். நான் படிப்பை முடித்து ஊர் திரும்பி, எத்தனையோ வருடம் கல்லூரியில் பாடம் நடத்தி, இப்போது ஓய்வும் பெற்றுவிட்டேன். ஒருவரைப் பொய்யர் என்று எழுதிவிடும் முன்னால் இன்னொரு தடவை அவரிடமே போய்க் கேட்டுவிட்டு வரலாம் என்று அந்தச் சின்னப் பெண்ணுக்குத் தோன்றியதே, அதை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.